முதலில் பின்கோடைப் பாருங்கள்

புதுச்சேரியில் ஒரு சொல்தா வீட்டில் பிறந்தவள் நான். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணமாகி பாரிஸ் வந்தேன். பத்தாம் வட்டாரத்தில், கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இரண்டு சின்ன ஹோட்டல்களில் மொத்தம் பதினேழு வருடம் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். பாரிஸில் கட்டுப்படியாகும் அறை பிடிப்பது பற்றி வாசகர்கள் எழுதிய கேள்விகளை ஆசிரியர் என்னிடம் அனுப்பியிருந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நானும் என் கணவரும் ஜூன் மாதம் நான்கு இரவு பாரிஸில் தங்கப் போகிறோம். லூவ்ர் அருங்காட்சியகமும் நோத்ர தாம் தேவாலயமும் பார்க்க ஆசை. இணையத்தில் தேடியபோது 62 யூரோவுக்கு ஓர் அறை வந்தது, பெயரிலேயே பாரிஸ் இருக்கிறது. நகரத்துக்குள் என்று சொல்கிற இன்னொன்று 115 யூரோ. 62-ஐயே எடுத்துவிடலாமா? முகவரிகளை அனுப்பியிருக்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

அந்த முகவரியில் பின்கோடு என்ன என்று பாருங்கள் அம்மா. பாரிஸ் நகரத்துக்குள் இருக்கும் எந்த இடத்துக்கும் பின்கோடு 75 என்றுதான் ஆரம்பிக்கும். கடைசி இரண்டு எண்கள் வட்டாரத்தைச் சொல்லும். 75010 என்றால் பத்தாம் வட்டாரம், 75018 என்றால் பதினெட்டு. மொத்தம் இருபது வட்டாரங்கள், நடுவில் தொடங்கி நத்தை ஓடு மாதிரி சுற்றிக்கொண்டே வெளியே போகும்.

நீங்கள் அனுப்பிய 62 யூரோ ஹோட்டலின் பின்கோடு 77-ல் ஆரம்பிக்கிறது. டிஸ்னிலேண்ட் இருக்கும் மாவட்டம் அது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு டிஸ்னிலேண்டுக்கே போகிறவர்களுக்கு அருமையான இடம். உங்களுக்கு லூவ்ரும் நோத்ர தாமும்தான் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஆர்.இ.ஆர். ஏ என்ற புறநகர் ரயிலில் நகரத்தின் நடுவுக்கு வர நாற்பது நிமிடம் ஆகும். போக வர எண்பது நிமிடம். நான்கு நாளுக்குக் கணக்குப் போட்டால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே போய்விடும். ஹோட்டலில் இருந்து ஸ்டேஷனுக்கு நடப்பது தனி. மதியம் கால் வலித்தால் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்துவிட்டுப் போவோம் என்பதும் நடக்காது. உங்கள் வயதில் அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம்.

அதற்காக 75 இல்லாத எல்லாவற்றையும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். நகரத்தை ஒட்டியிருக்கும் சில ஊர்களுக்கு மெட்ரோவே போகிறது. மோந்த்ரெய் ஊருக்கு 9-ஆம் நம்பர், பான்தானுக்கு 5, மோன்ரூஜுக்கு 4, இவ்ரிக்கு 7. இவற்றின் பின்கோடு 92, 93, 94 என்று ஆரம்பிக்கும். பான்தானில் ஓஷ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அறை கிடைத்தால் கால் மணி நேரத்துக்குள் கார் து லெஸ்ட் வந்துவிடலாம். 2025 ஜனவரியில் இருந்து பாரிஸ் பகுதி முழுவதற்கும் மெட்ரோ, ஆர்.இ.ஆர். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் விலைதான், விமான நிலையம் மட்டும் விதிவிலக்கு. ஆகவே தூரத்தால் இப்போது பணம் போவதில்லை, நேரம்தான் போகிறது. மெட்ரோ வாசலில் இருந்து ஹோட்டல் வாசல் வரை எத்தனை நிமிட நடை என்று வரைபடத்தில் பாருங்கள். ஏழு நிமிடத்துக்குள் இருந்தால் சரி.

இப்போது உங்களுடைய 115 யூரோ ஹோட்டலுக்கு வருகிறேன். பதினெட்டாம் வட்டாரம், நல்ல இடம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஓர் அக்டோபர் இரவு எங்கள் ஹோட்டலுக்கு தமிழ்நாட்டில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவருக்கு எழுபது வயதிருக்கும், அம்மாவுக்கு ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகன் அமெரிக்காவில் இருந்து புக் செய்திருந்தான். ஐந்தாம் மாடி அறை, மற்ற அறைகளைவிட 18 யூரோ குறைவு. லிஃப்ட் இல்லை என்று பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது, அவன் கவனிக்கவில்லை. பாரிஸின் பழைய கட்டடங்களில் படிக்கட்டு சுருள் சுருளாக ஏறும். உள்பக்கம் கால் வைக்க இடமே இருக்காது, மரப்படியின் நடுப்பகுதி நூறு வருடத்துக் கால் பட்டுக் குழிந்திருக்கும். நான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கை கம்பியைப் பிடித்திருந்தது, இன்னொரு கை முழங்காலின் மேல். "கொஞ்சம் இரும்மா, வந்துடறேன்" என்றார். கணவர் கீழிருந்து எண்ணிக்கொண்டே வந்திருந்தார். ஐம்பத்தொரு படி ஆகியிருந்தது.

அன்றிரவு முதல் மாடியில் காலியாக இருந்த அறையைக் கொடுத்தேன். குப்பைத் தொட்டி வைக்கும் முற்றத்தைப் பார்த்த அறை, ஜன்னலைத் திறக்க முடியாது. அடுத்த மூன்று நாளும் அவர்கள் அதிலேயே இருந்தார்கள். அந்த 18 யூரோவை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

ஆகவே ஹோட்டலுக்கு நேராக ஒரு மெயில் எழுதுங்கள். லிஃப்டுக்கு பிரெஞ்சில் அசான்சர் என்று பெயர். எத்தனையாவது மாடி, லிஃப்ட் அந்த மாடி வரை வருமா, லிஃப்ட் ஏறுவதற்கு முன்னால் படி உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். சில கட்டடங்களில் எட்டுப் பத்துப் படி ஏறிய பிறகுதான் லிஃப்டே ஆரம்பிக்கும். அதில் ஓர் ஆளும் ஒரு பெட்டியும்தான் நிற்கலாம். படுக்கையையும் கேளுங்கள். இருவர் கட்டில் என்றால் பல இடங்களில் 140 சென்டிமீட்டர் அகலம்தான். இரண்டு தனிக் கட்டில் வேண்டுமென்றால் லி ஜுமோ என்று கேட்க வேண்டும். அறை 9, 10 சதுர மீட்டர் என்று இருந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள், இரண்டு நட்சத்திர ஹோட்டலில் அது சகஜம். சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மெயில் எழுதுவதில் இன்னொரு லாபம் உண்டு. புக்கிங் தளங்களுக்கு ஹோட்டல்கள் கமிஷன் கட்டுகின்றன. தளத்தில் போட்ட விலையைவிடக் குறைத்து நேரடியாக விற்க ஹோட்டலுக்கு உரிமை உண்டு என்று பிரான்ஸில் 2015-ல் சட்டமே வந்துவிட்டது. விலை குறையாவிட்டாலும் நல்ல மாடியில் அறை ஒதுக்குவார்கள். அந்த வேலையைச் செய்தவள் என்பதால் சொல்கிறேன், இரண்டு வரி மரியாதையாக எழுதியவரின் பெயர் எங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

எந்த மாதத்தில் போனால் வாடகை குறையும்?
— வாசகர், சேலம்

ஜனவரி நடுவில் இருந்து பிப்ரவரி வரை, அப்புறம் நவம்பர். குளிரும், மழைத்தூறல் இருக்கும், ஆனால் அருங்காட்சியகங்களில் வரிசை குறைவு. ஆகஸ்டில் அலுவல் வேலையாக வருகிறவர்கள் குறைவதால் பல ஹோட்டல்களில் விலை இறங்கும். அப்போது ஏசி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சின்ன ஹோட்டல்கள் நிறையவற்றில் இருக்காது.

தவிர்க்க வேண்டியது மே கடைசியில் தொடங்கும் ரோலான் காரோஸ் டென்னிஸ் நாட்கள், மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் வரும் ஃபேஷன் வாரங்கள். ஒற்றைப்படை வருடங்களில் ஜூன் மாதம் லு பூர்ஜேயில் விமானக் கண்காட்சி நடக்கும். அந்த வாரம் எங்கள் ஹோட்டலிலேயே விலை இரட்டிப்பாகும். வாரத்தில் ஞாயிறு இரவுதான் பெரும்பாலும் மலிவு.

செலவைக் குறைக்க இன்னொரு வழி, பஸ், மெட்ரோவுக்கு நாவிகோ வாரப் பாஸ் இருக்கிறது. அது திங்கள் தொடங்கி ஞாயிறு முடியும், நடு வாரத்தில் வாங்கினாலும் ஞாயிறோடு சரி. 2025 கணக்கில் பாஸ் 31.60 யூரோ, அட்டை 5 யூரோ, மொத்தம் 36.60. தனித்தனி டிக்கெட் என்றால் விமான நிலையத்துக்குப் போக வர 26, நகரத்துக்குள் பத்துத் தடவைக்கு 25, ஆக 51. திங்களோ செவ்வாயோ வந்து இறங்குகிறவர்களுக்கு லாபம். ஒரு சின்ன போட்டோ ஊரிலேயே எடுத்து வாருங்கள், அட்டையில் ஒட்ட வேண்டும்.

லா கூர்னவ்வில் என் சித்தி மகன் இருக்கிறான். அவன் வீட்டில் தங்கினால் விசாவுக்கு ஹோட்டல் புக்கிங் காட்ட வேண்டுமா? சும்மா ஒரு புக்கிங் காட்டிவிட்டு ரத்து செய்யலாம் என்கிறார்கள்.
— வாசகர், திருநெல்வேலி

தம்பி வீட்டில் தங்குவதென்றால் அதையே சொல்லுங்கள். அவர் தன் ஊர் மெரிக்கு, அதாவது நகராட்சி அலுவலகத்துக்குப் போய் அத்தெஸ்தாசியோன் தக்கோய் என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். 2025-ல் அதற்கு முப்பது யூரோ வரி முத்திரை. வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், அடையாள அட்டை எல்லாம் கேட்பார்கள். விருந்தினருக்கு வீட்டில் இடம் போதுமா என்றும் பார்ப்பார்கள். சில வாரம் இழுக்கும், ஆகவே விசா நேர்காணலுக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அசல் தாளை உங்களுக்கு கூரியரில் அனுப்ப வேண்டும். பாரிஸில் இறங்கும்போதும் கைப்பையில் இருக்கட்டும், எங்கே தங்கப் போகிறீர்கள் என்று எல்லையில் கேட்கலாம்.

தங்கும் எண்ணமே இல்லாமல் புக்கிங் காட்டிவிட்டு ரத்து செய்யும் யோசனையை விட்டுவிடுங்கள். உண்மையிலேயே ஹோட்டலில் தங்குவதானால், கட்டணமில்லாமல் ரத்து செய்யும் புக்கிங்காக எடுப்பதில் தப்பில்லை, பிறகு வேறு ஹோட்டலுக்கு மாறுவதிலும் தப்பில்லை. மாறினால் புதிய தாள் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு பேர், அதில் பையனுக்கு 12, பெண்ணுக்கு 8. இரண்டு அறை எடுக்கக் கட்டாது.
— வாசகி, சென்னை

ஷாம்ப்ர காத்ருப்ல் என்று நால்வர் அறை சில ஹோட்டல்களில் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு, மூன்று நான்கு மாதம் முன்பே போய்விடும். அது கிடைக்காவிட்டால் சமையலறையோடு கூடிய அப்பார்ட்மென்ட் ஹோட்டல். காலையில் உப்புமா கிண்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம், ராத்திரிக்குச் சாதம் வைக்கலாம். நான்கு பேர் பாரிஸில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடுகிற செலவைப் பார்த்தால் அடுப்பு இருக்கும் அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் போகாது.

தனியார் வீட்டை எடுப்பதானால் விளம்பரத்தில் பதிவு எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாரிஸில் அது கட்டாயம். 2025 முதல் ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டை வருடத்துக்கு 90 நாள்தான் சுற்றுலாப் பயணிகளுக்கு விடலாம். எண் இல்லாத வீடு, முன்பணத்தை நேராக வங்கிக் கணக்கில் போடச் சொல்லும் வீடு, இரண்டும் வேண்டாம். தங்கும் வரி என்று ஒன்று தலைக்கு, இரவுக்கு வாங்குவார்கள். நட்சத்திரம் கூடக்கூட அதுவும் கூடும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிடையாது, உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

ஹோட்டலில் காலை உணவையும் சேர்த்து எடுக்கலாமா?
— வாசகர், ஈரோடு

வேண்டாம். இறங்கி மூலையில் இருக்கும் பேக்கரிக்குப் போங்கள். அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த க்ருவாசானும் காபியும் ஹோட்டல் விலையில் பாதிகூட ஆகாது.

லா சப்பல் பகுதியில் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் என்கிறார்கள். தனியாக வரும் பெண் அங்கே தங்கலாமா?
— முதுகலை மாணவி, கோயம்புத்தூர்

தங்கலாம். நான் பதினேழு வருடம் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன். கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி ஃபோபூர் சாந்தெனி வீதியில் நடந்தால் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கடை வாசலில் அடுக்கி இருக்கும். நம் ஈழத்துச் சகோதரர்கள் நாற்பது வருடத்தில் உருவாக்கிய தெரு அது. பஜோல் வீதியில் மாணிக்கப் பிள்ளையார் கோயில் இருக்கிறது, கோடைக் கடைசியில் தேர் வீதிக்கு வரும். அதே வீதியை ஒட்டி, பழைய ரயில்வே கிடங்கை மாற்றி 2013-ல் ஓர் இளைஞர் விடுதியும் திறந்தார்கள். விடுதி எதுவானாலும் பெண்கள் மட்டும் தங்கும் அறை என்று குறிப்பிட்டு எடு, பெட்டிக்குப் போட ஒரு பூட்டு கொண்டு வா.

கார் து நோர் சுற்றுப்புறத்தில் பிக்பாக்கெட் உண்டு. கைப்பேசியைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு வழி பார்க்காதே, கடைக்குள் போய் நின்று பார். நள்ளிரவுக்குப் பிறகு லா சப்பல் மெட்ரோப் பாலத்துக்கு அடியில் தனியாக நடக்க வேண்டாம். ஸ்டேஷனுக்கு தெற்கே, பத்தாம் வட்டாரப் பக்கம் அறை எடுத்தால் இன்னும் நிம்மதி. கடைத்தெரு பத்து நிமிட நடைதான்.

எங்கள் விமானம் இரவு 11:20-க்கு சார்ல் து கோலில் இறங்குகிறது. அறைக்கு எப்படிப் போவது?
— வாசகர், மதுரை

ரயிலை நம்ப வேண்டாம், பெட்டி வருவதற்குள் கடைசி ஆர்.இ.ஆர். பி போய்விடும். டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம் இருக்கிறது. 2025-ல் சேன் நதியின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. நான்கு பேர் வரை அதே கட்டணம், பெட்டிக்குத் தனியாகக் கேட்கக் கூடாது. பத்தாம், பதினெட்டாம் வட்டாரம் வலது கரை. முனையத்துக்கு வெளியே போர்டு வைத்த டாக்ஸி வரிசையில் போய் நில்லுங்கள். உள்ளேயே பக்கத்தில் வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுகிறவர்களோடு போகாதீர்கள்.

ஹோட்டலுக்கு இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள், நள்ளிரவு ஒரு மணிக்கு வருவோம் என்று. சின்ன ஹோட்டல்களில் பதினொரு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டு ரிசப்ஷனில் இருப்பவர் போய்விடுவார். முன்கூட்டிச் சொன்னால் கதவைத் திறக்கும் ரகசிய எண்ணை அனுப்புவார்கள், சாவியை உறையில் போட்டு உங்கள் பெயர் எழுதி வைப்பார்கள். அந்த எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.