டிஸ்கவரி 2: வண்டியை உயர்த்தியபின் அலைபாயும் ஸ்டீயரிங்

வணக்கம். லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2-இல் முன்பக்கம் வண்டியை 2 அங்குலம் உயர்த்தும் காயில் (சுருள்) ஸ்பிரிங் பொருத்தியபின் வேகத்தில் ஸ்டீயரிங் அலைபாய்கிறது, பின்பக்க ஏர் ஸ்பிரிங்கோ (காற்றடைத்த ரப்பர் பை) உயரவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

ஸ்டீயரிங் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். சட்டகம் மேலே போகும்போது ரேடியஸ் ஆர்ம்கள் (முன் ஆக்சிலைச் சட்டகத்தோடு இணைக்கும் கைகள்) சாய்ந்து முன் ஆக்சிலையே சுழற்றிவிடுவதால், காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) ஏறத்தாழ 3 பாகை குறைகிறது. திருப்பியபின் சக்கரம் தானாக நேருக்கு வருவது அந்தக் கோணத்தால்தான். உயர்த்திய வண்டிக்கென்று கோணம் திருத்தப்பட்ட ரேடியஸ் ஆர்ம்கள் இதைச் சரிசெய்யும். ஆனால் அவை டிஃபரன்ஷியலின் மூக்கைக் கீழே சாய்ப்பதால், முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரட்டை மூட்டுக்குச் சுமை கூடும். அந்த மூட்டு உடைந்தால் கியர்பாக்ஸ் உறையையே பிளந்துவிடக்கூடும் என்பதால், அதில் ஆட்டம் இருக்கிறதா என்று முதலில் கையால் அசைத்துப் பாருங்கள். வண்டி உயர்ந்ததால், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடு ஆக்சிலைச் சற்றே பக்கவாட்டில் இழுத்திருக்கும். ஸ்டீயரிங் வளையம் கோணலாக நின்றால் ஸ்டீயரிங் பெட்டியைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்கின் (drag link) நீளத்தை மாற்றி நேராக்கலாம்.

பின்பக்கத்தில், உயர உணரி பழைய அளவையே சரியென்று கருதிக் காற்றை அளந்து விடுகிறது. அதன் இணைப்புக் கம்பியை மாற்றினால் வண்டி உயரும். ஆனால் நீளமான ஷாக் அப்சார்பரையும் சேர்த்துப் போட்டால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் பை அளவுக்கு மீறி இழுபட்டு, அது பொருந்தியிருக்கும் இடத்திலிருந்து கழன்றுவிடும். கரடுமுரடான பாதையில் அடிக்கடி ஓட்டுவீர்களானால், பின்பக்கத்தையும் காயில் ஸ்பிரிங்குக்கு மாற்றுவதே நல்லது.