கயிறு தூக்கிய கால்கள்

வாசகர் கேள்விகள். பதில் சொல்கிறவர்: நகரியில் வசிக்கும் நாடக சீன் மேஸ்திரி ஒருவர்.

கேள்வி: பாலே நடனத்தைச் செல்போனில் பார்த்த என் மகள், "நாம் அரைமண்டியில் உட்கார்ந்து ஆடுகிறோம், இவர்கள் ஏன் விரல் நுனியில் நிற்கிறார்கள்?" என்று கேட்கிறாள். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானா?
— ஆசிரியை, நகரி

இல்லை அம்மா. முதல் 200 வருஷத்துக்கும் மேலாக அவர்கள் தரையில்தான் ஆடினார்கள். பாரிஸில் லூவர் அரண்மனைக்குப் பக்கத்திலிருந்த பெரிய கூடத்தில், 1581 அக்டோபர் 15 அன்று ராணியின் சகோதரி கல்யாணத்தையொட்டி நடந்த ஆட்டத்தைத்தான் முதல் பாலே என்று பலரும் சொல்வார்கள். மனிதர்களை மிருகமாக்கும் கிர்கே என்ற சூனியக்காரியின் கதை. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை மூன்றரை வரை நடந்தது. ஆடியவர்கள் ராணியும் அரண்மனைப் பெண்களும். அமைத்தவர் பெல்ஜொயோஸோ என்ற இத்தாலிக்காரர். வயலின் வாசிக்கிறவராக வந்து அரண்மனையிலேயே தங்கிவிட்டவர்.

அங்கே உயர்ந்த மேடை கிடையாது. நம் தெருக்கூத்து மாதிரி மூன்று பக்கமும் ஜனம். பெரும்பாலோர் மாடங்களில் உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்தார்கள். அதனால் ஆடுகிறவர்கள் வட்டம், சதுரம், முக்கோணம் என்று தரையில் கோலம் போடுவது போலக் கூடிப் பிரிந்தார்கள். மார்கழியில் மொட்டைமாடியிலிருந்து தெருக்கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். தெருவில் நின்றால் வெறும் கோடு, மேலிருந்து பார்த்தால்தான் தேர்.

பிறகு ஜனத்தை எதிரே ஒரே பக்கமாக உட்கார வைத்து, மேடையை உயர்த்தி, முன்னால் சட்டம் போட்டுப் படுதா கட்டினார்கள். எதிரே இருப்பவனுக்குக் கோலம் தெரியாது, ஆள்தான் தெரியும். ஆட்டம் தரையை விட்டு மேலே ஏற ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். முதலில் ஏற்றிவிட்டது கால் அல்ல, கயிறு.

கேள்வி: ராஜாவே பாலே ஆடினார் என்கிறார்களே, நிஜமா?
— கல்லூரி மாணவர், சித்தூர்

நிஜம். பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயி 1653-ல், தம் 14 வயதில், சூரியனாக வேஷம் கட்டி ஆடினார். 'சூரிய ராஜா' என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டதில் அந்த வேஷத்துக்குப் பங்கு உண்டு. நடன ஆசிரியர்கள் 13 பேரைச் சேர்த்து 1661-ல் ஒரு கழகமும் ஏற்படுத்தினார்.

கேள்வி: சுரபி நாடகத்தில் ஆள் பறப்பதைச் சின்ன வயதில் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். அந்தக் காலத்து பாலேயிலும் இப்படியெல்லாம் இருந்ததா?
— தறிக்காரர், ஏகாம்பரகுப்பம்

இருந்தது அய்யா, எக்கச்சக்கமாக! கடப்பைப் பக்கம் சுரபி கிராமத்தில் அந்தக் கூட்டம் 1885-ல் தொடங்கியது. அதற்கு 240 வருஷம் முன்பே வெனிஸில் டொரெல்லி என்ற மனிதர் இந்த வித்தையில் உச்சத்தைத் தொட்டுவிட்டார். ஊர் அவரை 'பெரிய மந்திரவாதி' என்றே கூப்பிட்டது.

அதற்கு முன் சீன் மாற்றுவதென்றால், காடு, அரண்மனை என்று வரைந்து மேடை ஓரங்களில் நிறுத்திய ஒவ்வொரு சைடு தட்டியையும் ஓர் ஆள் தள்ள வேண்டும். ஒன்று முந்தும், ஒன்று சிக்கும். டொரெல்லி மேடைப் பலகையில் நீளமாகப் பிளவு விட்டார். தட்டியைத் தாங்கும் கம்பம் அந்தப் பிளவு வழியாகக் கீழே இறங்கி, சக்கர வண்டி ஒன்றில் நிற்கும். எல்லா வண்டிகளின் கயிறும் நடுவிலுள்ள ஒரே பெரிய உருளைக்குப் போகும். உங்கள் தறியில் பாவு சுற்றிய உருளை இருக்கிறதே, அதைப் பத்து மடங்கு பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் எடையை விடுவித்தால் உருளை சுற்றும். காட்டுத் தட்டிகள் ஒதுங்கும்போதே அரண்மனைத் தட்டிகள் உள்ளே வந்துவிடும், ஒரே மூச்சில். 15 வயதுப் பையன் ஒருவனே இதைச் செய்துவிடலாம் என்று அப்போது பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். டொரெல்லியை 1645-ல் பாரிஸுக்கு வரவழைத்தார்கள். நான் சொன்ன சூரிய வேஷத்துக்கு மேடை அமைத்தவரும் அவர்தான்.

ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் பக்கம் 1766-ல் கட்டிய அரண்மனைக் கொட்டகையில் இந்த மர யந்திரங்கள் இன்றும் ஓடுகின்றன. சங்குப்புரி போலச் செதுக்கிய நீள உருளைகளைக் கைப்பிடியால் சுற்றினால் கடல் அலை. பெட்டிக்குள் கல்லை உருட்டினால் இடி. நாங்கள் தகரத்தை உலுக்குவோம்.

கயிற்றை லேசாக நினைத்துவிடாதீர்கள். நான் வேலை செய்த கம்பெனியில் அனுமார் பறக்கும் சீனுக்கு எதிர் எடையாக மணல்மூட்டை கட்டுவோம். ஒரு நாள் கப்பிக்கு வண்டிமை போடவில்லை. இரண்டு தரம் கிறீச்சிட்டது, மூன்றாம் தரம் கயிறு நழுவி மூட்டை என் மணிக்கட்டில் விழுந்தது. அனுமார் பாதி உயரத்தில் தொங்குகிறார், விடவும் முடியாது. இடது கையால் பிடித்து இறக்கினேன். புத்தூர் கட்டு மூன்று தரம் போட்டுக் கை நேராயிற்று. பிரெஞ்சு மேடைக்காரர்கள் கொட்டகைக்குள் 'கயிறு' என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள், வேறு பெயர்தான் சொல்வார்கள். ராத்திரியில் பாம்பைப் பூச்சி என்கிறோமே, அப்படி.

நகரி டீச்சரம்மாவுக்கு மீதிப் பதில் இங்கேதான். டிடலோ என்ற நடன ஆசிரியர் 1796-ல் லண்டனில் ஆட்டக்காரர்களைக் கம்பியில் தூக்கிப் பறக்கவிட்டார். கம்பி இழுக்கும்போது கடைசியாகத் தரையை விடுவது விரல் நுனி. அந்த நுனியிலேயே கம்பி இல்லாமல் நிற்கப் பழகினார்கள். மரி தாக்லியோனி 1832-ல் வனதேவதையாக ஆடியபோது, நுனியில் நிற்பது வித்தை காட்டுவதாக இல்லாமல் அந்தப் பாத்திரத்தின் இயல்பாகவே ஆகிவிட்டது. அவர் போட்டது இன்றைய கெட்டி நுனிச் செருப்பு அல்ல. மெல்லிய சாட்டின் செருப்பு, நுனியையும் ஓரத்தையும் ஊசிநூலால் நெருக்கி இழையோட்டியது. அவ்வளவுதான் பிடிமானம்.

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவுக்குத் தேவதை வேஷம் தைக்கிறேன், அடுக்கடுக்காக நைலான் வலை. மேடையில் குத்துவிளக்கும் ஏற்றுவார்களாம். பயப்பட வேண்டுமா?
— தையல்காரப் பெண், புத்தூர்

பயப்படத்தான் வேண்டும், தாயி. தாக்லியோனியிடம் பாடம் கேட்ட எம்மா லிவ்ரி என்ற பெண்ணுக்காக அவரே 1860-ல் ஒரு பாலே அமைத்தார். அதில் பட்டாம்பூச்சியாக மாறிய பெண்ணின் சிறகு தீப்பந்தத்தில் கருகும். அப்போது மேடையெல்லாம் காஸ் விளக்கு. துணியைப் படிகாரம் கலந்த நீரில் தோய்த்தால் சுலபத்தில் தீப்பிடிக்காது என்று தெரிந்திருந்தது. ஆனால் தோய்த்த துணி விறைத்து மங்கிப்போகும் என்பதால் எம்மா மறுத்துவிட்டார். 1862 நவம்பரில் ஓர் ஒத்திகையில் பாவாடை காஸ் சுடரில் பட்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலையில் இறந்தார். வயது 20.

ஆகவே பிள்ளைகள் மேடை ஏறுமுன் விளக்கைக் குளிர வைத்துவிடச் சொல்லுங்கள். ஏற்றியே தீருவோம் என்றால் மேடைக்குக் கீழே வைக்கட்டும். ஈரச் சாக்கு ஒன்று, மணல் வாளி ஒன்று சைடு தட்டிக்குப் பின்னால் இருக்கட்டும். உள்பாவாடைக்குப் பருத்தி போடுங்கள், முதுகில் முடிச்சு வேண்டாம், ஒரே இழுப்பில் கழலும் கொக்கி வையுங்கள்.