9.4 லட்சம் டாலர் வேலை வாய்ப்பு: அதில் உறுதியான பணம் எவ்வளவு?

கேள்வி: அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ நகரில் குடும்பத்துடன் வசிக்கிறேன். வயது 41. எச்-1பி விசாவில் இருக்கிறேன். மனைவி வேலைக்குப் போகவில்லை. பள்ளியில் படிக்கும் மகள் ஒருத்தி. ஏழு ஆண்டுகளாக ஒரே மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 1,50,000 டாலர். இப்போது வேறொரு நிறுவனம் அழைக்கிறது. சம்பளம் 1,65,000, சேரும்போது போனஸ் 40,000, நான்கு ஆண்டுகளில் பகுதி பகுதியாகக் கைக்கு வரும் பங்குகள் 2,40,000. நான்கு ஆண்டுக்கு மொத்தம் 9,40,000 டாலர் என்று கடிதத்திலேயே போட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் என் நிறுவனம் சம்பளத்தை 1,60,000 ஆக்கி, 60,000 டாலரை உடனே போனஸாகத் தருவதாகச் சொல்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் நானாக விலகினால் திருப்பித் தர வேண்டும். எங்கள் ஊரில்தான் டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமையகம் இருக்கிறது. ‘அந்த அணியின் டாக் பிரெஸ்காட் பிடிவாதமாகக் காத்திருந்து 24 கோடி டாலர் வாங்கினார், நீயும் அவசரப்படாதே’ என்கிறார்கள் நண்பர்கள். எதை ஏற்பது? இன்னும் இழுத்துப் பிடிக்கலாமா? கையில் மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு இருக்கிறது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஃபிரிஸ்கோ

பதில்: பிரெஸ்காட்டை உதாரணம் காட்டியதற்காக உங்கள் நண்பர்களைக் குறை சொல்ல மாட்டேன். சம்பளப் பேரத்தைப் படிக்க நினைப்பவர்களுக்கு அவருடைய ஒப்பந்தங்களை வரிசையாகப் பார்க்கும்படி நானே சொல்வதுண்டு. நண்பர்கள் கடைசி ஒப்பந்தத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் நடந்தவற்றில்தான் உங்களுக்கான பதில் இருக்கிறது.

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை நடத்துபவர் குவாட்டர்பேக். நல்ல குவாட்டர்பேக் இல்லாத அணிக்கு மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை என்பதால் மிக அதிகச் சம்பளம் அவர்களுக்கே. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில், பிரெஸ்காட்டை 2016இல் நான்காம் சுற்றில், 135ஆவது ஆளாகக் கௌபாய்ஸ் எடுத்தது. நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்தே சுமார் 27 லட்சம் டாலர்தான். முதல் ஆண்டிலேயே அணியின் முதன்மைக் குவாட்டர்பேக் ஆகிவிட்டார். அதே தேர்வில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த ஜாரெட் காஃப், கார்சன் வென்ட்ஸ் இருவரும் 2019இல் ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு மேல் புதிய ஒப்பந்தம் பெற்றார்கள். அந்த ஆண்டு பிரெஸ்காட்டின் சம்பளம் சுமார் 20 லட்சம். அவர் அவசரப்பட்டுக் கையெழுத்திடவில்லை.

2020இல் கௌபாய்ஸ் அவர்மீது ‘ஃபிராஞ்சைஸ் டேக்’ போட்டது. ஒப்பந்தம் முடிந்த வீரரை வேறு அணிக்குப் போகவிடாமல் ஓராண்டுக்கு, விதிப்படி கணக்கிடப்பட்ட சம்பளத்தில் நிறுத்திவைக்க அணிகளுக்கு உள்ள உரிமை அது. அவருக்கு 3.14 கோடி டாலர் வந்தது. நீண்ட ஒப்பந்தத்துக்கான பேச்சில் தகராறு பெரிதும் காலத்தைப் பற்றியது. அணி ஐந்து ஆண்டு கேட்டது. அவர் நான்குதான் என்றார். ஜூலை நடுவில் கெடு முடிந்தது, உடன்பாடு இல்லை. அக்டோபர் 11 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியுடன் ஆடும்போது அவருடைய வலது கணுக்கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்தது, மூட்டும் விலகியது. அந்த ஆண்டுச் சம்பளத்துக்கு உத்தரவாதம் இருந்தது. மறு ஆண்டுக்கு ஒரு டாலருக்குக்கூட இல்லை.

உங்கள் நண்பர்கள் விட்டுவிட்ட இடம் இது. அந்தக் கால் சரியாகக் கூடாமல் போயிருந்தால் அவருடைய பொறுமையை இன்று யாரும் புகழ மாட்டார்கள். அவரால் அந்த ஆபத்தைத் தாங்க முடிந்தது, ஏனென்றால் 3.14 கோடி டாலர் அவருக்கு உறுதியாக இருந்தது. உங்களிடம் இருப்பது மூன்று மாதச் செலவுப் பணம். வேலை போனால் எச்-1பி விசாவில் அதிகபட்சம் 60 நாட்களுக்குள் அடுத்த வழி பார்க்க வேண்டும். ஆகவே எவ்வளவு காலம் தாங்க முடியும் என்பதில் அவரோடு உங்களை ஒப்பிடாதீர்கள். ஒப்பந்தத்தின் வாசகங்களை அவர் எப்படிக் கேட்டு வாங்கினார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2021 மார்ச்சில் நான்கு ஆண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் 12.6 கோடிக்கு உத்தரவாதம். கையெழுத்துப் போனஸ் மட்டும் 6.6 கோடி. கேட்ட நான்கு ஆண்டையும் வாங்கிவிட்டார். செய்திகள் இந்த எண்களைப் பற்றியே பேசின. எனக்கு முக்கியமாகப் படுபவை அன்று அணிக்கு ஒரு டாலர்கூடச் செலவு வைக்காத இரண்டு உறுதிமொழிகள்: அவர் சம்மதமின்றி வேறு அணிக்கு மாற்ற முடியாது, ஒப்பந்தம் முடியும்போது மீண்டும் டேக் போட முடியாது.

மூன்றரை ஆண்டு கழித்து அவை வேலை செய்தன. 2024இல் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு. டேக் போட வழியில்லை, மாற்றிவிடவும் வழியில்லை. இன்னொரு நெருக்கடியும் இருந்தது. ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய தொகைக்கு லீக் உச்சவரம்பு வைத்திருக்கிறது; 2024இல் அது 25.54 கோடி டாலர். போனஸை ஒரே தடவையில் கொடுத்துவிட்டாலும், இந்தக் கணக்கில் அதை ஐந்து ஆண்டுவரை பிரித்து எழுதலாம். கௌபாய்ஸ் அப்படிப் பிரித்துத் தள்ளிக்கொண்டே வந்ததால், அவர் வெளியேறினால் 2025 கணக்கில் 4 கோடி டாலருக்கு மேல், ஆளே இல்லாத செலவாக வந்து விழுந்திருக்கும். 2024 செப்டம்பர் 8 அன்று, பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது அணி இறங்கி வந்தது. நான்கு ஆண்டு, 24 கோடி. ஆண்டுக்கு 6 கோடி என்பது அந்த லீகில் அதுவரை யாரும் பெறாத தொகை.

ஐந்தாவது ஆண்டுக்கு அவர் ஏன் அவ்வளவு மறுத்தார் என்பது இப்போது தெரிந்திருக்கும். 2020இல் 19.82 கோடியாக இருந்த உச்சவரம்பு நான்கே ஆண்டில் 25.54 கோடியாக ஏறும்போது, பழைய விலையில் கூடுதலாக ஓராண்டு கட்டுண்டு கிடப்பது வீரருக்கு நஷ்டம். உங்கள் நிறுவனம் கேட்கும் மூன்று ஆண்டு அதே வகைக் கட்டுதான். 60,000 டாலரைக் கொடுத்து 2,40,000 டாலர் பங்குகளுக்கான வாய்ப்பை மூன்று ஆண்டுக்கு உங்கள் கண்ணிலிருந்து அகற்றப் பார்க்கிறார்கள்.

அந்த 24 கோடியிலும் உள்ளே ஒரு பிரிவு உண்டு. உத்தரவாதத் தொகை 23.1 கோடி என்றார்கள். கையெழுத்திட்ட அன்றே எந்த நிபந்தனையும் இன்றி உறுதியானது 12.9 கோடி. மீதி முதலில் காயத்துக்கான உத்தரவாதமாக (காயத்தால் ஆட முடியாமல் போனால் மட்டும் பணம் உறுதி) இருந்து, பின்னால் குறிப்பிட்ட தேதிகளில் முழு உத்தரவாதமாக மாறும் வகை. ஒப்பந்தம் போட்ட இரண்டாம் மாதமே, நவம்பரில் அட்லாண்டாவில், அவருடைய தொடைத் தசைநார் கிழிந்து அந்தப் பருவம் முடிந்துபோனது. அப்போது அவரைக் காப்பாற்றியவை இந்த வாசகங்கள்தான்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் இணைத்திருந்த பக்கத்தில் போனஸைப் பற்றி, ‘எந்தக் காரணத்தால் பணி முடிவுற்றாலும்’ 24 மாதங்களுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. நிறுவனமே ஆட்குறைப்பில் உங்களை அனுப்பினாலும் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்பதே அதன் பொருள். பங்குகளின் முதல் கால் பகுதி பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகே வரும். சம்பளத்துக்கோ உத்தரவாதமே கிடையாது. டெக்சஸில் முதலாளி காரணம் சொல்லாமலேயே வேலையிலிருந்து நீக்கலாம்.

பதினோராவது மாத முடிவில் ஆட்குறைப்பு வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். புதிய நிறுவனத்தில் சம்பளமாக 1,51,250 டாலர் வந்திருக்கும். போனஸ் 40,000 திரும்பப் போய்விடும். பங்கு ஒன்றுகூட இல்லை. இப்போதைய நிறுவனத்தில் அதே நிலை வந்தால் சம்பளம் சுமார் 1,46,700, அதோடு 60,000 உங்களுடையது, ஏனென்றால் நீங்களாக விலகினால் மட்டுமே அங்கே திருப்பித் தர வேண்டும். ஆக 9.4 லட்சம் என்று சொல்லும் இடத்தில் கையில் ஒன்றரை லட்சம். நான்கு ஆண்டுக்கு மொத்தம் 7 லட்சம்தான் தேறும் இடத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல். நான்கு ஆண்டும் நல்லபடியாக ஓடினால் புதிய இடமே லாபம், பங்கு விலை பாதியாகக் குறைந்தாலும் லாபம். பிரச்சினை அந்தத் தொடக்கக் காலத்தில்தான்.

வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனஸுக்கு மத்திய வரி 22 சதவீதம் பிடிப்பார்கள்; சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் இரண்டுக்குமாக 7.65 சதவீதம். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை. 40,000 டாலரில் கைக்கு வருவது சுமார் 28,000. திருப்பிக் கேட்கும்போது 40,000 முழுவதையும் கேட்டால், கட்டிய வரியை மீட்கும் பாடு உங்கள் தலையில் விழும்.

போனஸைத் திருப்பிக் கேட்கும் உரிமை வெறும் எழுத்தில் இருப்பது என்று நினைக்காதீர்கள். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் குவாட்டர்பேக் ஆண்ட்ரூ லக் 2019 ஆகஸ்டில், 29 வயதில், காயங்களால் களைத்து ஓய்வை அறிவித்தார். ஏற்கெனவே பெற்றிருந்த போனஸில் சுமார் 2.5 கோடி டாலரை அந்த அணி சட்டப்படி திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது அவர்கள் பெருந்தன்மை. உங்கள் குடும்பத்தின் பணம் இன்னொருவருடைய பெருந்தன்மையை நம்பி இருக்கக் கூடாது.

எனவே தொகையைக் கூட்டிக் கேட்பதை இங்கேயே நிறுத்துங்கள். புதிய நிறுவனத்திடம் வாசகத்தை மாற்றக் கேளுங்கள். போனஸைத் திருப்பித் தருவது நீங்களாக விலகினாலோ ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டாலோ மட்டும். அதுவும் பணிபுரிந்த மாதங்களைக் கழித்து. வரி போகக் கைக்கு வந்த தொகை மட்டும். இது நிறுவனம் தரும் தொகையைக் கூட்டாத கோரிக்கை என்பதால் மனிதவளத் துறையினர் பெரும்பாலும் காது கொடுப்பார்கள். அடுத்து, ஆட்குறைப்பு ஏற்பட்டால் குறைந்தது மூன்று மாதச் சம்பளம் தருவதாக எழுத்தில் கேளுங்கள். கிரீன் கார்டு நடைமுறையை எந்த மாதத்துக்குள் தொடங்குவார்கள் என்பதையும் வாய்மொழியாக விடாமல் மின்னஞ்சலிலாவது வாங்குங்கள். ஒரே நிறுவனத்தில் கட்டுண்டு கிடக்காமல் இருக்க, விசாவில் இருப்பவருக்கு அதுதான் டேக் போடாத உறுதிமொழி.

முதல் கோரிக்கைக்குச் சம்மதித்தால் தாராளமாகப் போங்கள். அது மட்டும் கிடைத்து மற்ற இரண்டும் கிடைக்காவிட்டாலும் போகலாம் என்பதே என் கருத்து. அதையே மறுத்தால் இருக்கும் இடத்தில் தங்குங்கள், ஆனால் மூன்று ஆண்டுக் கட்டை ஓராண்டாகக் குறைத்த பிறகு. ஏழு ஆண்டு அனுபவமுள்ளவரை இழந்து புதியவரைத் தேடிப் பழக்குவதன் செலவு அவர்களுக்குத் தெரியும். உங்கள் கையில் வேறொரு நிறுவனத்தின் கடிதம் இருப்பதும் தெரியும். 2023இல் பால்டிமோர் அணியின் குவாட்டர்பேக் லமார் ஜாக்சனுக்கு மற்ற அணிகளும் ஒப்பந்தம் நீட்டலாம் என்று வழி திறந்திருந்தும் எவரும் நீட்டவில்லை. அந்த இக்கட்டு உங்களுக்கு இல்லை.

ஜாக்சன் முகவர் வைத்துக்கொள்ளாமல், தாயின் துணையோடு தானே பேசி 26 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றவர். வீரர் சங்க விதிப்படி முகவருக்கு அதிகபட்சம் 3 சதவீதம் போகலாம் என்பதால் அவருக்கு மிச்சமானது பெரிய தொகை. உங்களுக்கு அப்படிச் சதவீதக் கணக்கு எதுவும் இல்லை. கடிதத்தை ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் கொடுத்து, ஒரு முறைக் கட்டணத்தில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். குடியேற்ற விஷயத்துக்கு அதற்கான வழக்கறிஞர் தனி.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். கெடு அவர்களையும் நெருக்கும். இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: வேலையில் விருப்பம் இருக்கிறது, இந்த வாசகத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும், அடுத்த புதன்வரை அவகாசம் தேவை. புதிய கடிதத்தில் கையெழுத்தாகும்வரை பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்காதீர்கள்.

எங்கே இருக்க முடிவு செய்தாலும் போனஸைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, திருப்பிக் கேட்கும் காலம் முடியும்வரை தொடாமல் வையுங்கள். வீட்டுக்கு முன்பணம், கார் என்று எதற்கும் வேண்டாம். புதிய நிறுவனத்தில் சேர்ந்தால் காப்பீட்டுப் படிவம் நிரப்பும்போது, உடல்நலம் கெட்டு நீண்ட காலம் வேலை செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் ஒரு பங்கைத் தரும் ஊனக் காப்பீடு அதில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கண்டிப்பாக எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டில் சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவர்தான்.