பிசாசுக்கு கையெழுத்து போட்டு குடுத்தவனுக்கு மீட்பு உண்டா? பிசாசுகிட்ட ஆத்துமாவ வித்த ஜெர்மன் மந்திரவாதி ஃபவுஸ்ட்டோட கதை இதுக்கு என்னதான் பதில் சொல்லுது?

எந்த ஃபவுஸ்ட்டுன்னு திருப்பி கேக்கணும்போல இருக்கு. ஏன்னா ஒருத்தன் நரகத்துக்கு போறான், ஒருத்தன் மோட்சத்துக்கு போறான், ஒருத்தன் ஊர் ஊரா ஜோசியம் பாத்துட்டு கடன்காரன் மாதிரி திரிஞ்சவன். அதுக்கும் மேல, ஃபவுஸ்ட்டுக்கு பல நூறு வருஷம் முன்னாடியே இதே கையெழுத்த போட்டு தப்பிச்ச ஒருத்தன் இருக்கான், அவனப்பத்தி யாரும் பேசறதே இல்ல. எனக்கு அவனத்தான் பிடிக்கும். வரிசையா சொல்றேன், கொஞ்சம் நீளும்.

நான் ஆன்சைட்னு வந்து ஜெர்மனில ஃப்ரைபுர்க்ல இருக்கேன். இங்கேர்ந்து ரயில்ல போயி நடுவுல ஒரு வண்டி மாறினா ஷ்டௌஃபன்னு ஒரு சின்ன ஊர், திராட்சை தோட்டத்துக்கு மேல இடிஞ்ச கோட்டை, கீழ ஒரு சந்தை சதுக்கம், அங்க லயன்னு அர்த்தம் வர்ற பேர்ல ஒரு பழைய சத்திரம். அது சுவத்துல பெருசா எழுதி வச்சிருக்கான், 1539ல டாக்டர் ஃபவுஸ்ட்டுங்கற மந்திரவாதி இந்த வீட்லதான் பரிதாபமா செத்தான், 24 வருஷ ஒப்பந்தம் முடிஞ்சதும் மெஃபிஸ்டோஃபிலஸ்ங்கற பெரிய பிசாசு வந்து கழுத்த முறிச்சு ஆத்துமாவ கொண்டுபோயிட்டான்னு ஊர்ல பேச்சுன்னு. அதுல ஒரு வார்த்தைய கூட இருந்த ஆபீஸ் நண்பர் மொழிபெயர்த்து சொன்னப்போ எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. ஃபவுஸ்ட் உயிரோட இருந்தப்போ அந்த பிசாச எப்படி கூப்டுவானாம் தெரியுமா, "ஷ்வாகர்"னு. அப்டின்னா மச்சான். நம்ம ஊர்ல கடன் குடுக்கறவனும் மொதல்ல மச்சான்னுதான் தோள்ல கை போடுவான்.

அந்த ஊர்ல இன்னொரு கூத்தும் இருக்கு. சத்திரத்துக்கு பக்கத்துல இருக்கற டவுன் ஹால சூடு பண்றதுக்காக 2007ல பூமிக்குள்ள 140 மீட்டர் ஆழத்துக்கு ஏழு துளை போட்டாங்க, பூமி சூட்ட எடுக்கற திட்டம். தண்ணி போயி கீழ இருந்த அன்ஹைட்ரைட்ங்கற கனிமப் படிவத்துல பட்டு அது ஜிப்சமா மாறி உப்ப ஆரம்பிச்சு, ஊரே மேல எழும்பி 250க்கும் மேல வீடுகள்ல விரிசல். விரிசல் மேலயே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்காங்க, "ஷ்டௌஃபன் உடையக்கூடாது"ன்னு. கீழ இருக்கறவன்கிட்ட எதையும் சும்மா கேக்கக்கூடாதுன்னு நண்பர் சொன்னார், அவர் நாத்திகர்.

சரி விஷயத்துக்கு வரேன். நிஜமாவே ஃபவுஸ்ட்னு ஒருத்தன் இருந்தான், ஆவணம் இருக்கு. 1520ல பாம்பர்க் பிஷப்புக்கு ஜாதகம் எழுதி குடுத்து 10 குல்டன் வாங்கியிருக்கான், 1528ல இங்கோல்ஷ்டாட் நகர சபை இவன ஊர விட்டு போ, உன் காச வேற எங்கயாவது செலவு பண்ணுன்னு விரட்டியிருக்கு. அவ்ளோதான் ஆளு. செத்ததுக்கப்புறம்தான் பெரிய ஆளாயிட்டான்.

1587ல ஃப்ராங்ஃபர்ட்ல யோஹான் ஷ்பீஸ்ங்கற அச்சுக்காரர் இவன் கதைய புத்தகமா போட்டார், எழுதினது யாருன்னு பேர் கிடையாது, ஆனா லூத்தரன் ஆளுன்னு, அதாவது மார்ட்டின் லூத்தர் வழி ப்ராட்டஸ்டன்ட்னு, வாசிச்சாலே தெரியும். இதுலதான் ரத்தத்துல கையெழுத்து, 24 வருஷம் எல்லாம் வருது. கைய கீறினப்போ "மனுஷா, ஓடிப்போ"ன்னு கையிலயே எழுத்து தெரியுதாம், அதுக்கப்புறமும் போடறான். இவன் என்ன கேட்டான், வானம் பூமி எல்லாத்தயும் தெரிஞ்சுக்கணும்னு கேட்டான். கடைசில என்ன பண்ணான்னு பாருங்க, குதிரை யாவாரிகிட்ட வைக்கோல் கட்ட குதிரைன்னு வித்தான், ராஜசபைல ஒரு பிரபு தலைல மான்கொம்பு முளைக்க வச்சான், கர்ப்பமா இருந்த ஒரு சீமாட்டிக்கு பனிக்காலத்துல திராட்சை வரவழைச்சு குடுத்தான். ஒரு வண்டி வைக்கோல தின்னு காமிச்சான். ஆத்துமாவ வித்து வாங்கினது இதுக்கா? எனக்கு அந்த புத்தகத்துலயே பயங்கரமான விஷயம் இதுதான், கடைசில ரூம் சுவத்துல மூளை ஒட்டியிருக்கறது இல்ல. பெருசா எதுக்கோ விலை பேசிட்டு சில்லறையா செலவு பண்ணி தீத்துடறோம். கல்யாணம் பண்ணிக்கறேன்னு கேட்டா மட்டும் பிசாசு கூடாதுன்னுட்டான், அது கடவுள் ஏற்படுத்தினது ஒப்பந்தத்துல வராதுன்னு.

இவனுக்கு மீட்பு ஏன் இல்ல? கையெழுத்து போட்டதால இல்லங்க. பக்கத்து வீட்டு பெரியவர் ஒருத்தர் வந்து இப்பவும் திரும்பலாம்டான்னு சொல்றார், இவனும் யோசிக்கறான், பிசாசு மிரட்டினதும் ரெண்டாவது தடவ ரத்தத்துல எழுதி குடுக்கறான். கடைசி ராத்திரி மாணவர்கள் ஜெபம் பண்ணுங்க ஐயான்னு கெஞ்சறாங்க. இவன் பைபிள்ல தம்பிய கொன்ன காயீன் மாதிரி, என் பாவம் மன்னிக்க முடியாத அளவு பெருசுன்னு நினைச்சுக்கறான். நான் கெட்ட கிறிஸ்தவனாவும் நல்ல கிறிஸ்தவனாவும் சாகறேன், உடம்ப அவன் எடுத்துக்கட்டும் ஆத்துமாவ விட்டா போதும்னு பேரம் வேற பேசறான் பாவம். கதவு திறந்துதான் இருக்கு, இவன்தான் பூட்டியிருக்குன்னு முடிவு பண்ணிட்டு தள்ளியே பாக்கல.

இப்ப எனக்கு பிடிச்சவன். தியோஃபிலஸ். ஊர் அதானா, இப்போ துருக்கில இருக்கு, நடந்ததா சொல்ற காலம் ஆறாம் நூற்றாண்டு. கோயில் சொத்து கணக்கெல்லாம் பாக்கற பெரிய பொறுப்புல இருந்தவர், நல்ல மனுஷன். பிஷப் செத்ததும் நீங்கதான் அடுத்த பிஷப்புன்னு எல்லாரும் சொல்றாங்க, இவர் எனக்கு தகுதி இல்லன்னு தாழ்மையா மறுத்துட்டார். புதுசா வந்த பிஷப் யாரோ போட்டுக்குடுத்தத நம்பி இவர இருந்த வேலைலேர்ந்தும் தூக்கிட்டான். ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு இது நல்லா புரியும், ப்ரமோஷன் வேணாம்னு நம்மளே சொல்லுவோம், ஆனா நமக்கு பதிலா வந்தவன் நம்ம சீட்ட எடுத்தா வயிறு எரியும் பாருங்க, அந்த எரிச்சல்ல ராத்திரி ஒரு மந்திரவாதிய பிடிச்சு பிசாசுகிட்ட போயி கிறிஸ்துவும் வேணாம் மாதாவும் வேணாம்னு எழுதி கையெழுத்து போட்டு குடுத்துட்டார். (அந்த மந்திரவாதிய யூதன்னு காட்டறாங்க, அந்தக்கால கதைகள்ல இந்த அசிங்கம் நிறைய.) மறுநாளே வேலை திரும்ப கிடைச்சுடுச்சு. பிசாசுகிட்ட கேட்டது வெறும் பழைய வேலை! பிஷப் பதவி கூட இல்ல.

அப்புறம் தூக்கம் வரல. மாதா கோயில்ல நாப்பது நாள் உபவாசம் இருந்து அழுதார். மாதா வந்தாங்க, வந்ததும் மொதல்ல நல்லா திட்டினாங்க, அப்புறம்தான் மகன்கிட்ட பரிஞ்சு பேசினாங்க. ஒரு நாள் தூங்கி எந்திரிச்சா அந்த ஒப்பந்த காகிதம் அவர் நெஞ்சு மேல கிடக்கு. பாரிஸ் நோத்ர் டாம் கோயில்ல வடக்கு வாசலுக்கு மேல பதிமூணாம் நூற்றாண்டுல இத கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க, மாதா பிசாச மிரட்டி காகிதத்த பிடுங்கறது உட்பட.

எங்க ஆச்சி தூத்துக்குடி, படிக்காதவங்க. ராத்திரி ஜெபமாலைல "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்"னு அம்பது தடவைக்கு மேல சொல்லுவாங்க, அதுல அந்த "மரண நேரத்திலும்" வர்றப்போ மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். தியோஃபிலஸ் கதைய நான் படிச்சப்போ இத ஆச்சிகிட்ட சொல்லியிருந்தா இதுல என்னல புதுசுன்னு கேட்டிருப்பாங்கன்னு தோணுச்சு.

ஆனா மாதா காகிதத்த வாங்கி குடுத்ததோட கதை முடியல, எனக்கு முக்கியமான இடம் இதுக்கப்புறம்தான். காகிதம் கைல வந்துடுச்சு, அடுப்புல போட்டா முடிஞ்சது, யாருக்கும் தெரியாது. அவர் அப்டி பண்ணல. ஞாயித்துக்கிழமை பூசைல அதே பிஷப் முன்னாடி, ஊர் முன்னாடி, நான் இப்டி எழுதி குடுத்தேன்னு ஒண்ணு விடாம சொல்லி அந்த காகிதத்த குடுத்தார். அங்கதான் அத எரிச்சாங்க. மூணு நாள்ல செத்தும் போயிட்டார்.

லூத்தரன் புத்தகத்துல மாதா வந்து பரிஞ்சு பேச வழியே இல்ல, அவங்க இறையியல்ல அது கிடையாது, ஃபவுஸ்ட் தனியா மாட்டிக்கிட்டதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன்.

இனி கதே, ஃபவுஸ்ட் கதைய நாடகமா எழுதின ஜெர்மன் கவிஞர். முதல் பாகம் 1808, ரெண்டாம் பாகம் அவர் செத்த 1832லதான் வெளிய வந்துது. இதுல வருஷக்கணக்கு ஒப்பந்தம் கிடையாது, பந்தயம். ஏதாவது ஒரு நிமிஷத்த பாத்து நீ அழகா இருக்க, போகாதேன்னு நான் சொன்னா என்ன எடுத்துக்கோன்னு ஃபவுஸ்ட் சொல்றான். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த பந்தயத்துல அடிபடறது யாருன்னா கிரெட்ஷன்னு ஒரு சின்ன பொண்ணு. ஃபவுஸ்ட் குடுத்த தூக்க மருந்துல அவ அம்மா செத்துடறா, அண்ணன ஃபவுஸ்ட்டே குத்தி கொல்றான், அவ புள்ளத்தாச்சியாகி கைவிடப்பட்டு பெத்த குழந்தைய கொன்னுட்டு ஜெயில்ல புத்தி பேதலிச்சு கிடக்கறா. தப்பிக்கலாம் வான்னு இவன் வந்து நிக்கறான், அவ வரமாட்டேன், கடவுள் தீர்ப்புக்கு என்ன ஒப்படைக்கறேன்னுட்டா. பிசாசு மெஃபிஸ்டோ தீர்ப்பாயிடுச்சுன்னு சொல்றான், மேலேர்ந்து ஒரு குரல் "காப்பாத்தப்பட்டா"ன்னு சொல்லுது. கதே முதல்ல எழுதின வடிவத்துல அந்த குரலே கிடையாது, பிசாசு சொன்னதோட சரி. பல வருஷம் கழிச்சு சேத்தார்.

அதுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா உங்களுக்கும் என்ன மாதிரி கோவம் வரும். ஃப்ராங்ஃபர்ட்ல சூசன்னா மார்கரேத்தா ப்ராண்ட்னு ஒரு வேலைக்கார பொண்ணு, குழந்தைய கொன்ன குத்தத்துக்கு 1772 ஜனவரில தலைய வெட்டினாங்க. கதே அப்ப அதே ஊர்ல இளம் வக்கீல், அந்த கேஸ் காகிதங்களோட நகல் அவர் வீட்லயே இருந்துச்சு. கிரெட்ஷன் அங்கேர்ந்துதான் வந்தா. சரி, மனசு உருகி எழுதினார்னு வச்சுக்குவோம். 1783ல வைமார்ல அதே மாதிரி இன்னொரு பொண்ணு, யோஹன்னா ஹோன். இப்ப கதே அமைச்சர் மாதிரி பதவில இருக்கார். இந்த குத்தத்துக்கு மரண தண்டனைய எடுத்துடலாமான்னு வைமார ஆண்ட பிரபு தன் ஆலோசகர்கள்கிட்ட கருத்து கேக்கறார், மத்தவங்க வச்சுக்கலாம்ங்கறாங்க, கதேயும் அதுக்கு சரின்னு எழுதி குடுக்கறார். நவம்பர்ல அந்த பொண்ணுக்கும் தலை போயிடுச்சு. அந்த மேல இருந்து வர்ற குரல் அதுக்கப்புறம்தான் அச்சுல வந்துச்சு. ஒண்ணுக்கொண்ணு முடிச்சு போட நான் ஆய்வாளர் இல்ல, ஆனா ஒவ்வொரு தடவ அந்த வரி வர்றப்போ எனக்கு ஹோன் ஞாபகம்தான்.

ரெண்டாம் பாகத்துல ஃபவுஸ்ட் நூறு வயசு கிழவன். கடலோரத்துல நிலம் மீக்கறேன்னு திட்டம் போட்டு, குறுக்க இருந்த ஒரு வயசான தம்பதியோட குடிசைய காலி பண்ண சொல்லி அனுப்ப, அது எரிஞ்சு அவங்களும் செத்துடறாங்க. கண்ணு போயிடுச்சு, மண்வெட்டி சத்தம் கேக்குது, என் வாய்க்கால வெட்டறாங்கன்னு சந்தோஷப்படறான், வெட்டறது இவன் குழி. செத்ததும் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள், வந்து ரோஜாப்பூ தூவ, மெஃபிஸ்டோ அந்த சம்மனசுகளோட அழக ஜொள்ளு விட்டு பாத்துட்டு நிக்கறப்போ ஆத்துமாவ தூக்கிட்டு போயிடறாங்க. நிஜமா இப்டித்தான் இருக்கு. விடாம முயற்சி பண்றவன நாங்க மீட்க முடியும்ங்கறது சம்மனசுகள் சொல்ற காரணம். மேல கிரெட்ஷன் மாதாகிட்ட இவனுக்காக வேண்டிக்கறா.

ஆக கதேகிட்ட மீட்பு உண்டு. ஆனா ஃபவுஸ்ட் அத்தன பக்கத்துல ஒரு தடவ கூட நான் பண்ணேன்னு யார் முன்னாடியும் நின்னு சொல்லவே இல்லையே, செத்தவ வந்து இவனுக்கு சிபாரிசு பண்ணணுமா? கவிதையா பிரமாதம், எனக்கு ஒப்பல.

இவ்ளோ விவரமா ஏன் உனக்குன்னு கேப்பீங்க. நான் இங்க ஆன்சைட் வந்த கதைல ஒரு கையெழுத்து இருக்கு. பழைய கம்பெனில என் டீம்ல ஜூனியரா இருந்த பொண்ணு நாலு மாசம் உக்காந்து பண்ண வேலைய ஒரு மீட்டிங்ல என் பேர்ல காமிச்சேன். அவ அன்னிக்கு லீவு. அதுலதான் என் பேர் மேல போச்சு, விசா வந்துச்சு. ஷ்டௌஃபன் போயிட்டு வந்த ராத்திரி அவளுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன். அவ கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "எனக்கு அப்பவே தெரியும்ண்ணா"ன்னா. நான் சாரி சாரின்னு சொல்லிட்டே இருந்தேன். "எங்கிட்ட சொல்லி என்னண்ணா, தெரிஞ்ச விஷயம்தான. அன்னிக்கு மீட்டிங்ல இருந்தவங்ககிட்ட சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு, குழந்தை அழுதுன்னு வச்சுட்டா.

மீட்டிங்ல பதினோரு பேர் இருந்தாங்க. நாலு பேருக்கு சொல்லிட்டேன், ரெண்டு பேர் மறந்தே போயிட்டாங்க, ஒருத்தர் இதெல்லாம் சகஜம் விடுப்பான்னார், ஒருத்தர் அதுக்கப்புறம் பேசறதில்ல. மிச்ச ஏழு பேர்ல ஒருத்தர் இப்ப இங்க ஃப்ரைபுர்க் ஆபீஸ்லதான், என் மேனேஜருக்கு மேனேஜர். தினமும் காபி மெஷின் பக்கத்துல பாக்கறேன்.