எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை எல்லாக் கல்லூரிகளுக்கும் கட்டணம் செலுத்தி அனுப்ப வேண்டுமா?

காரைக்குடியில் பிளஸ் டூ படிக்கும் மகள், அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வை எழுதியிருப்பதாகவும், அமெரிக்காவில் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க இருப்பதாகவும், மதிப்பெண் அறிக்கையை எல்லாவற்றுக்கும் காசு கட்டித்தான் அனுப்ப வேண்டுமா அல்லது சான்றொப்பமிட்ட நகலைக் கூரியரில் அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேவகோட்டையில் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அனுப்ப வேண்டியதில்லை. பல கல்லூரிகள், பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப்பில் மாணவர் தம் மதிப்பெண்ணைத் தாமே பதிவு செய்தால் போதும் என்று ஏற்றுக்கொண்டு, இடம் கிடைத்துச் சேர முடிவு செய்த பிறகே, தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேரடியாக வரும் அறிக்கையைக் கேட்கின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் சேர்க்கைக்கு இந்த மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை. அங்கே அனுப்பும் பணம் வீண். மறுபுறம், எம்.ஐ.டி. 2022-இலும் ஹார்வர்டும் டார்ட்மத்தும் 2024-இலும் இத்தகைய தேர்வை மீண்டும் கட்டாயமாக்குவதாக அறிவித்தன. நிலைமை இப்படி மாறிக்கொண்டிருப்பதால், போன வருடம் போன பிள்ளை சொன்னதை நம்பாமல், ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையும் இந்த ஆண்டுக்கென்று திறந்து படியுங்கள். கூரியர் யோசனையை விட்டுவிடுங்கள். எத்தனை சான்றொப்பம் இருந்தாலும், நீங்கள் அனுப்பும் நகலை அதிகாரபூர்வமான அறிக்கையாக அவர்கள் கொள்ளமாட்டார்கள்.

தேர்வுக்குப் பதிவு செய்வோர் 4 இடங்களுக்கு இலவசமாக அறிக்கை அனுப்பலாம். ஆனால் அந்த 4 பெயர்களையும் தேர்வு நாளிலிருந்து 9 நாட்களுக்குள் குறித்துவிட வேண்டும்; மதிப்பெண் வெளியாவதோ அதற்குப் பின்னர். மதிப்பெண் தெரியாமலே அனுப்பச் சம்மதிக்கிறோம் என்பதால், அதிகாரபூர்வ அறிக்கையை விண்ணப்பத்தோடு கேட்கும் கல்லூரிகளுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துவதே நல்லது என்பது என் கருத்து. பிறகு அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு என்றாலும், எந்த நாளில் எழுதிய தேர்வை அனுப்புவது என்று நாமே தேர்ந்துகொள்ளும் ஸ்கோர் சாய்ஸ் வசதி அப்போது பயன்படும். ஜார்ஜ்டவுன் போன்ற சில பல்கலைக்கழகங்கள், எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் கேட்கும். அங்கே மறைத்து அனுப்பக் கூடாது. கட்டணம் செலுத்தும் முன் உங்கள் வங்கி கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அது மூடியே இருக்கும், கடைசி நாள் இரவில்தான் அது தெரியவரும்.

நான் இதற்கெல்லாம் மேலாகக் கவலைப்படுவது பெயரைப் பற்றி. நம் பக்கத்து ஆட்களுக்கு விலாசம், அதாவது பெயருக்கு முன் வரும் இனிஷியல், இரண்டு மூன்று எழுத்துகளாக நீளும். லெ. அரு. குமரப்பன் என்று ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளி மதிப்பெண் பட்டியலில் அவன் பெயர் இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அருணாசலம் என்றும், இயற்பெயர்க் கட்டத்தில் குமரப்பன் என்றும் இருக்கும். காமன் ஆப்பில் அவன் அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டிருப்பான். கல்லூரிக்கு வந்து சேரும் அறிக்கையைப் பெயர், பிறந்த தேதி போன்றவற்றைக் கொண்டுதான் கணினி விண்ணப்பத்தோடு இணைக்கிறது. இணையாவிட்டால், அறிக்கை அங்கே வந்து கிடந்தும் 'மதிப்பெண் வரவில்லை' என்றே காட்டும்.

ஆகவே பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அதையே காலேஜ் போர்டு கணக்கிலும் காமன் ஆப்பிலும் இடுங்கள். தாத்தா பெயரின் எழுத்தை விட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாஸ்போர்ட்டில் அது இல்லையென்றால் விண்ணப்பத்திலும் வேண்டாம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்குமானால், விசா வரைக்கும் அந்தச் சிக்கல் தொடரும் என்பதால், காலம் இருக்கும்போதே பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வது நல்லது. பள்ளிச் சான்றிதழில் பெயர் வேறு மாதிரி இருப்பதைப் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் ஒன்றால் விளக்கலாம்.

அறிக்கையை அனுப்பியபின் ஒவ்வொரு கல்லூரியும் விண்ணப்பதாரருக்குத் தரும் இணையக் கணக்கில் மகளைத் தொடர்ந்து பார்த்துவரச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழிந்தும் மதிப்பெண் சேர்ந்ததாகக் காட்டாவிட்டால், மறுபடியும் பணம் கட்டி அனுப்ப வேண்டாம். மதிப்பெண் அறிக்கையில் உள்ள பெயர், விண்ணப்பத்தில் உள்ள பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், அறிக்கை அனுப்பிய நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுச் சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினால், அவர்களே தேடி எடுத்து இணைத்துவிடுவார்கள். அந்த மின்னஞ்சலை மகளே தன் பெயரில் எழுதட்டும்.