அடைத்த காதுக்கு எண்ணெய் விடலாமா?

கேள்வி: கீரிமலைக் கேணியில் முழுகிவிட்டு வந்ததிலிருந்து வலது காது அடைத்துக்கொண்டிருக்கிறது. நோவில்லை. கொட்டன் பட் (பஞ்சுக் குச்சி) கொண்டு துடைக்கத் துடைக்க அடைப்புக் கூடுகிறது. நல்லெண்ணெயில் உள்ளி போட்டுக் காய்ச்சி விடச் சொல்கிறா அம்மம்மா. விடலாமா?

பதில்: விடுவதற்கு முன் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். சத்தம் எந்தப் பக்கம் கூடக் கேட்கிறது? அடைத்த வலது பக்கம் என்றால் தடை பெரும்பாலும் செவிக்குழாயிலோ நடுச்செவியிலோதான். தொண்டைச் சத்தம் மண்டையோட்டு எலும்பு வழியே நேராக உட்செவிக்குப் போகும். வாசல் அடைபட்டிருந்தால் வெளியே கசிய வழியின்றிப் பெரிதாகக் கேட்கும். நல்ல காதை விரலால் பொத்திக்கொண்டு முனகினாலும் இது விளங்கும். மாறாக, சத்தம் நல்ல காதின் பக்கம் ஒதுங்கினால் எண்ணெய்ப் போத்தலை வைத்துவிட்டு அன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள். உட்செவியோ நரம்போ திடீரெனப் பழுதானாலும் ‘காது அடைப்பு’ என்றே தோன்றும். அதற்கான ஸ்டீரொயிட் சிகிச்சையை முதற் சில நாட்களில் தொடங்கவேண்டும். இரண்டு கிழமை கடந்தால் பலன் நன்றாகக் குறைந்துவிடும்.

நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் ஊறிய குறும்பிதான். செவிக்குழாய் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமானது, சற்று வளைந்தது. வெளிப்புறம் மூன்றிலொரு பங்கு கசியிழையம் (குருத்தெலும்பு). மயிரும் குறும்பிச் சுரப்பிகளும் அங்கே மட்டும்தான். உட்புறம் எலும்பு, மேலே மெல்லிய தோல், அங்கே குறும்பி சுரப்பதே இல்லை. செவிப்பறையருகே குறும்பிக் கட்டி இருந்தால் பெரும்பாலும் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பட்தான். செவிக்குழாயின் தோல் உள்ளிருந்து வாசலை நோக்கி மெல்ல நகர்ந்து, குறும்பியையும் தானே வெளியே கொண்டுவரும். சாப்பிடும்போது தாடை அசைவதும் அதற்கு உதவும். பட் அதற்கு எதிர்த்திசையில் இடிக்கிறது. சிறு இடைவெளி மிஞ்சியிருக்கும்வரை கேட்கும் திறன் குறையாது. தண்ணீர் பட்டு குறும்பி ஊதியதும் அந்த இடைவெளியும் மூடிவிடும்.

அம்மம்மா சொல்வதில் பாதி சரி: எண்ணெய் குறும்பியை இளக்கும். காய்ச்சுவதும் உள்ளியும் வேண்டாம். செவிப்பறையின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மி.மீ. மட்டுமே, சூடு தாங்காது. ஆறிக் குளிர்ந்ததை விட்டாலும் உட்செவியில் உடற் சமநிலையை உணரும் அரைவட்டக் கால்வாய்களிலுள்ள திரவம் அசைந்து தலை சுற்றும். பாமசியில் காதுக்கென விற்கும் ஒலிவ் எண்ணெயோ சோடியம் பைகாபனேட் துளி மருந்தோ போதும். போத்தலைக் கைக்குள் சில நிமிடம் பொத்தி உடற்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். இடப்பக்கம் சரிந்து படுத்து, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைவு நிமிரும். 3 அல்லது 4 துளி விட்டு, வாசலுக்கு முன்னாலுள்ள சிறு மேட்டை நாலைந்து தரம் அழுத்தி, 5 முதல் 10 நிமிடம் அப்படியே கிடவுங்கள். காலையும் மாலையும், 3 முதல் 5 நாள். முதல் நாளில் அடைப்புக் கூடலாம், அது குறும்பி ஊதுவதால்.

கேணிக்குள் பாய்ந்தபோது காதில் அறை விழுந்ததுபோல் நொந்திருந்தால், பிறகு இரத்தமோ நீரோ கசிந்திருந்தால், ஒரு துளியும் விடக்கூடாது. செவிப்பறை கிழிந்திருக்கலாம், விட்டதெல்லாம் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்ற சிற்றெலும்புகள் இருக்கும் நடுச்செவிக்குள் இறங்கும். முன்பு காதில் சீழ் வடிந்தவர்களுக்கும் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் இதே விதி.

அடைப்போடு கடுமையான கடியும் (அரிப்பும்) கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் அது பூஞ்சணம். கோழியிறகால் குடைகிறவர்களுக்கு அடிக்கடி வருவது. எண்ணெய் அதற்கு உதவாது. உறிஞ்சித் துப்புரவாக்கிப் பூஞ்சண மருந்து போடவேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு இரவில் நித்திரை கொள்ளவிடாத காதுநோ வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது, தொற்று எலும்புக்குப் பரவும்.

5 நாளிலும் அடைப்பு விடாவிட்டால் போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குப் போங்கள். நுணுக்குக்காட்டியால் பார்த்து உறிஞ்சுவார்கள், அல்லது 37 பாகை அளவு வெதுவெதுப்பான நீரால் கழுவுவார்கள். அப்போது சிலருக்கு இருமல் வரும். தொண்டைக்குப் போகும் வேகசு நரம்பின் ஒரு கிளை செவிக்குழாய்த் தோலிலும் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. தலையை மட்டும் அசைக்காதீர்கள்.