வழித்துணை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆடியில் பத்து நாள் லீவு கிடைக்கிறது. குடகு, தலைக்காவிரி பார்த்துவிட்டு மங்களூர் வரை போக ஆசை. "மழையில் போய் என்னத்தைப் பார்ப்பீர்கள், மார்கழியில் போங்கள்" என்கிறார் மாமனார். என்ன செய்யலாம்? (பாபநாசம் வாசகி)

ஆடியிலேயே போய் வாருங்கள், அம்மா. மார்கழியில் வானம் வெளுத்து மலை முழுசாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் காவிரியின் கிளையான குடமுருட்டித் தண்ணீரில் வளர்ந்த நாம் அங்கே பார்க்க வேண்டியது மழையை.

எங்கள் அப்பா பேப்பரைப் பிரித்ததும் முதலில் தேடுவது மேட்டூர் நீர்மட்டம். 120 அடி நிரம்பியது என்றால் அன்றைக்கு அவர் முகமே வேறு. அந்த அடிக்கணக்கு பிறக்கும் இடத்தை நான் நாற்பது வயதுக்கு மேல், ஓர் ஆடியில்தான் பார்த்தேன். தலைக்காவிரியில் மேகம் இறங்கிக் கிடந்தது. பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியவில்லை. குளத்தையொட்டி ஒரு சின்னத் தொட்டி. இதுதான் காவிரி என்றார்கள். மனசு ஒப்பவில்லை. எட்டு கிலோமீட்டர் கீழே பாகமண்டலத்துக்கு இறங்கினால், கன்னிகே ஆறும் சேர்ந்து, படித்துறையை முழுங்கிக்கொண்டு செங்கலங்கலாகப் புரண்டு ஓடுகிறது. நம் வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும்போது இருக்குமே, அதே நிறம், அதே மண்வாசம். நனைந்துகொண்டே நின்றுவிட்டேன். என் மனைவிதான் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

அங்கிருந்து அரபிக்கடல் நேர்க்கோட்டில் எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. அந்தக் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, சுமார் 800 கிலோமீட்டர் நடந்து பூம்புகாருக்கு வருகிறாள் காவிரி. மேற்குச் சரிவில் விழுந்த மழையோ பயஸ்வினி, நேத்ராவதி என்று ஓடிச் சீக்கிரமே கடலில் கலந்துவிடும். குடகின் தலைநகரான மடிக்கேரியிலிருந்து சம்பாஜே வழியாக மங்களூருக்கு இறங்கும்போது அந்தப் பக்கத்தைப் பார்ப்பீர்கள். வளைவுக்கு வளைவு பாறையில் அருவி, கீழே பாக்குத் தோப்பு, அதில் மிளகுக்கொடி, செங்குத்தான ஓட்டுக் கூரைகள். நம் ஊர்ப் பழைய வீடுகளில் கிடக்கும் மங்களூர் ஓட்டின் பூர்வீகம் அதுதான். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது.

கும்பகோணத்தில் சாயங்காலம் மைசூரு ரயில் ஏறினால் மறுநாள் காலை இறங்கலாம். மடிக்கேரி அங்கிருந்து பஸ்ஸில் சுமார் 120 கிலோமீட்டர். மலைப்பாதையைப் பகலில் மட்டும் கடந்துவிடுங்கள். 2018 ஆகஸ்டில் குடகில் மலை சரிந்து உயிர்கள் போயின. இதே மங்களூர்ச் சாலையும் துண்டானது. ரெட் அலர்ட் என்றால் மைசூரிலேயே தங்கிவிடுங்கள். பத்து நாளில் இரண்டு நாளை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: அங்கே அப்படிக் கொட்டும் மழை நம் பக்கம் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

தென்மேற்குக் காற்று கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி மேலே ஏறும். ஏற ஏறக் குளிர்ந்து அங்கேயே மழையாகக் கொட்டிவிடும். கர்நாடக மலையூரான ஆகும்பேயில் ஆண்டுக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மலை தாண்டி நம்மிடம் வரும்போது ஈரம் தீர்ந்து, புழுதி கிளப்பும் ஆடிக்காற்றாகத்தான் வருகிறது. நம் சொந்த மழை ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வர வேண்டும். ஆகவே ஐயா, குடகு மழை உங்கள் கடைமடைக்கு வருவது ஆற்று வழியாக மட்டும்தான். கல்லணையைத் தாண்டி, மதகு மதகாகப் பிரிந்து, உங்கள் வயலுக்குக் கடைசியாக. மேலே மழை தவறினால் முதலில் காய்வதும் உங்கள் வயல்தான். அதனால்தான் அந்தக் காடுகளில் ஒரு மரம் விழுந்தாலும் எனக்குப் பதறுகிறது.

கேள்வி: அட்டை கடிக்குமாமே? (மன்னார்குடி வாசகி)

கடிக்கும், பயப்பட வேண்டாம். பிய்த்து இழுக்காதீர்கள். உப்பைத் துணியில் முடிந்து நனைத்து அதன்மேல் ஒற்றினால் விழுந்துவிடும். ரத்தம் சற்று நேரம் கசியும், அவ்வளவுதான்.

கேள்வி: மங்களூரில் சைவமாக என்ன சாப்பிடலாம்? (நன்னிலம் வாசகர்)

மழைக்காலத்தில் போனால் பத்ரொடே கேளுங்கள். சேம்பு இலையில் அரைத்த அரிசிமாவை, புளி, மிளகாய் கூட்டித் தடவிச் சுருட்டி ஆவியில் வேகவைப்பார்கள். காலையில் நீர்தோசை. மாவு புளிக்க வேண்டியதில்லை. ஊறவைத்த பச்சரிசியை நைசாக அரைத்து, மோர்போலக் கரைத்து உடனே ஊற்றலாம். வீட்டுக்கு வந்தும் செய்து பாருங்கள்.